கேஸ் அடிக்கும் முன்: பழைய கார் ஏசியைப் படிப்படியாகச் சோதிப்பது எப்படி

கார் ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோலைப் போலச் செலவாகிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது. அது குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. பத்துப் பதினைந்து வருடமான காரில் ரப்பர் ஹோஸ், கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் வழியாகக் கொஞ்சம் போவது இயல்புதான். ஆனால் அது சில வருடங்கள் கழித்துத்தான் தெரியவரும். பங்குனியில் கேஸ் அடித்து, ஆடிக்குள் குளிர் போய்விட்டதென்றால் அந்தக் காரில் ரிப்பேர் நடக்கவே இல்லை.

மாருதி 800, ஆல்ட்டோ, ஜென், சான்ட்ரோ, இண்டிகா, குவாலிஸ் காலத்துக் கார்களை மனதில் வைத்து எழுதியது இது. கையால் திருகும் ஏசி, மேக்னெட்டிக் கிளட்ச் (கரண்ட் வந்ததும் காந்தத்தால் ஒட்டிக் கம்ப்ரசரைச் சுற்றவைக்கும் தட்டு) வைத்த கம்ப்ரசர், ஆர்-134ஏ கேஸ். சோதிக்கும் வரிசை: காற்று, கரண்ட், பிரஷர். முதல் இரண்டுக்கும் பிரஷர் அளக்கும் கேஜ் தேவையில்லை, வீட்டு வாசலில் நிறுத்தியே பார்த்துவிடலாம். பிரஷர் கடைசி. பெரும்பாலான பட்டறைகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது என்பதுதான் சிக்கல்.

ஏசி என்ன செய்கிறது

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. காருக்குள் இருக்கும் சூட்டை வாரி எடுத்துப்போய் வெளியே கொட்டுகிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் கேஸ் கொதித்து ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சுகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை இழுத்து அமுக்குகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் அது சூட்டை விட்டுவிட்டுத் திரவமாகிறது. பிறகு டிரையரில் ஈரமும் தூசும் வடிகட்டப்பட்டு, எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித்துளை வழியாக மறுபடி காயிலுக்குள் பீய்ச்சப்படுகிறது. வாரும் இடம் கூலிங் காயில், கொட்டும் இடம் கண்டென்சர். இரண்டில் எங்கே காற்று தடைப்பட்டாலும், கேஸ் முழுசாக இருந்தும் குளிராது.

முதலில் ஒரு அளவு

“முன்ன மாதிரி இல்லைங்க” என்பது அளவு ஆகாது. கம்பி முனை வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி நடு வென்ட்டில் செருகுங்கள். காரை நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, உள்காற்று சுற்றும் பட்டனைப் போட்டு, புளோவரை இரண்டில் வைத்து, எஞ்சினை 1500 ஆர்பிஎம்மில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். வெளியே 30 டிகிரி என்றால் வென்ட்டில் 6 முதல் 9 வர வேண்டும். 38 டிகிரி வெயிலில் 10 முதல் 13 வந்தால் பழைய காருக்கு அது நல்ல நிலை. கரூர் பரமத்தியில் 41, 42 அடிக்கும் கத்திரி மதியத்தில் 14 காட்டினால் யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த எண்ணை எழுதி வையுங்கள். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் அதே முறையில் மறுபடி அளந்தால்தான் எது பலன் தந்தது என்று தெரியும்.

காற்று

நம் பக்கத்துக் கண்டென்சர்களுக்கு என்று தனி வியாதி உண்டு. திருப்பூர், சோமனூர், பல்லடம் ரோடுகளில் பஞ்சு. பொள்ளாச்சியில் தென்னை நார்த்தூள். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைத் தூசு. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இது அத்தனையையும் கிளப்பிக்கொண்டு வந்து கிரில்லுக்குள் அடைக்கிறது. முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத் தெரியும். அழுக்கு உட்காருவது அதன் பின்முகத்துக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே, ஓரங்குலச் சந்தில். மேலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பழுப்பு நிறக் கம்பளி போலத் தெரிந்தால் அதுதான் காரணம்.

உடனே தண்ணீர் அடிக்காதீர்கள். பஞ்சு நனைந்தால் களிபோல் ஒட்டி, காய்ந்ததும் அட்டையாகிவிடும். முதலில் காய்ந்த நிலையில் மென்மையான பிரஷால் தகடுகளின் போக்கிலேயே இழுத்து எடுக்க வேண்டும். பல கார்களில் ரேடியேட்டரின் மேல் பிராக்கெட் போல்ட் இரண்டைக் கழற்றினால் அதை எஞ்சின் பக்கம் இரண்டங்குலம் சாய்க்க முடியும். ஏசி குழாயைத் தொட வேண்டியதில்லை. பிறகு சாதாரண ஹோஸ் பைப்பால், எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விடுங்கள். அழுக்கு வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டத்தில் பிடித்தால் அலுமினியத் தகடுகள் படுத்துவிடும். படுத்த தகடும் அடைப்புதான். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கார் ஷாம்பு போதும். காஸ்டிக் கலந்த கிளீனர் அலுமினியத்தைத் தின்றுவிடும்.

கண்டென்சர்தான் குற்றவாளியா என்று உறுதிப்படுத்த, காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஏசி ஓடும்போது கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் இரண்டு மூன்று சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். ஓரிரு நிமிடத்தில் வென்ட் சூடு மூன்று நான்கு டிகிரி இறங்கினால் கேஸும் கம்ப்ரசரும் ஓரளவு சரியாகவே இருக்கின்றன. சூட்டைக் கொட்டும் இடத்தில்தான் தடை.

அடுத்து ஃபேன். ரோட்டில் போகும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் வெந்நீர்க் காற்று என்றால் முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான். ஏசி போட்டதும் கண்டென்சர் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றினால் போதாது, இழுக்க வேண்டும். தினத்தாளில் ஒரு தாளைக் கிரில் முன்னால் பிடித்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். தாள் தள்ளப்பட்டால், மோட்டார் மாற்றிய யாரோ இரண்டு ஒயரையும் மாற்றி இணைத்திருக்கிறார்கள். ஃபேன் எதிர்த் திசையில் ஓடுகிறது. ஒட்டாமல் நழுவினால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்து வேகம் குறைந்திருக்கும். குவாலிஸ், சுமோ போன்ற பெல்ட்டில் ஓடும் விஸ்கஸ் ஃபேன் வண்டிகளில் வேறு சோதனை: எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுழற்றுங்கள். தடையே இல்லாமல் இரண்டு மூன்று சுற்று ஓடினால் விஸ்கஸ் கப்ளிங் போய்விட்டது. இந்தச் சோதனையை மின்சார ஃபேன் இருக்கும் காரில் செய்யக் கூடாது. எஞ்சின் அணைந்த பிறகும் அது தானாகச் சுற்றத் தொடங்கும், விரல் போய்விடும்.

கிரில்லில் தொங்கும் திருஷ்டிக் கயிறும் எலுமிச்சையும் ஏசியை ஒன்றும் செய்யாது. பூச்சி வராமலிருக்கக் கட்டுகிற நைலான் கொசுவலை செய்யும். அதைக் கழற்றிவிடுங்கள்.

காருக்குள் வருவோம். புளோவர் நான்கில் சத்தம் நிறைய, காற்று கொஞ்சம் என்றால் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல பழைய கார்களில் ஃபில்டரே கிடையாது, தூசு நேராகக் கூலிங் காயிலில் போய்ப் படியும். குளோவ் பாக்ஸைக் கழற்றி, புளோவர் ரெசிஸ்டர் இருக்கும் துளை வழியாக டார்ச் அடித்தால் பல வண்டிகளில் காயில் முகம் தெரியும். லேசான அழுக்குக்கு நுரை ஸ்பிரே போதும். முழுக்க அடைத்திருந்தால் காயிலை வெளியே எடுத்துத்தான் கழுவ வேண்டும். அதற்குக் கேஸைத் திறக்க வேண்டும் என்பதால் வேறு வேலைக்குக் கேஸ் இறக்கும் நாளோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கில் மட்டும் புளோவர் ஓடி, ஒன்று இரண்டு மூன்றில் ஓடவில்லை என்றால் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. சின்னச் செலவு.

முன் இருக்கையின் கால் மிதியில் தண்ணீர் நின்றால் காயிலின் டிரெய்ன் டியூப் அடைத்திருக்கிறது. வெளிப்பக்க முனையிலிருந்து மெதுவாக ஊதுங்கள். கம்பியை விட்டுக் குடைந்தால் காயிலில் ஓட்டை விழலாம்.

யாரும் நினைத்துப் பார்க்காத இன்னொன்று ஹீட்டர். நம் ஊரில் ஹீட்டர் குமிழை யாரும் திருகுவதில்லை, அதனால் கேபிள் துருப்பிடித்து வால்வு பாதி திறந்தபடி நின்றுவிடும். ஏசி குளிர்விக்கும் காற்றை அதே பெட்டிக்குள் ஹீட்டர் சூடாக்கிக்கொண்டிருக்கும். குமிழை முழுக் குளிரில் வைத்து, எஞ்சினுக்குப் பின்சுவரில் நுழையும் இரண்டு ஹீட்டர் ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். வாட்டர் வால்வு உள்ள காரில் ஒன்றாவது குளிர்ந்திருக்க வேண்டும். சில மாடல்களில் வால்வு இல்லை, உள்ளே கதவு மட்டும்தான். அவற்றில் இரண்டும் எப்போதும் சூடாகவே இருக்கும், அங்கே கதவின் கேபிளைப் பார்க்க வேண்டும். எரிச்சலில் ஹோஸையே அடைத்துவிடுகிறவர்கள் உண்டு. ஊட்டி, வால்பாறை மூடுபனியில் முன்கண்ணாடியைத் தெளியவைக்க அந்தச் சூட்டுக் காற்று வேண்டும்.

கரண்ட்

பானெட்டைத் திறந்து வைத்து, இன்னொருவரை ஏசி பட்டனைப் போடச் சொல்லுங்கள். கம்ப்ரசர் முன்முகத் தட்டு “டக்” என்று ஒட்டிக்கொண்டு புல்லியோடு சேர்ந்து சுற்ற வேண்டும். ஒட்டவில்லை என்றால் இந்த வரிசையில் போங்கள்.

1. ஃபியூஸ். பிறகு ரிலே: அதே பெட்டியில் அதே எண்ணுள்ள ஹாரன் ரிலேயைக் கழற்றி ஏசி ரிலே இடத்தில் போட்டுப் பாருங்கள். கிளட்ச் ஒட்டினால் வேலை முடிந்தது.

2. கிளட்ச் ஒயரில் வோல்ட். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் இருப்பதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ஒயரிங்கிலோ எர்த்திலோ கோளாறு.

3. வோல்ட் சரியாக வந்தும் ஒட்டவில்லை என்றால், இணைப்பைக் கழற்றிக் கிளட்ச்சின் காந்தக் காயிலின் ரெசிஸ்டன்ஸை அளங்கள். 3 முதல் 4 ஓம் அளவில் வர வேண்டும். எல்லையில்லாமல் காட்டினால் காயில் அறுந்துவிட்டது.

4. வோல்ட்டே வரவில்லை என்றால் பிரஷர் ஸ்விட்ச், தெர்மோஸ்டாட்.

நான்காவதில் ஒரு எச்சரிக்கை. கேஸின் பிரஷர் ஏறக்குறைய 30 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் பிரஷர் ஸ்விட்ச் வேண்டுமென்றே கிளட்ச்சை ஓடவிடாது. கம்ப்ரசருக்கான ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. கேஸ் இல்லாமல் ஓடினால் உள்ளே வறண்டு பிடித்துக்கொள்ளும். ஸ்விட்ச்சை ஒயர் வைத்து நேரடியாக்குவது, கிளட்ச் ஒட்டுகிறதா என்று ஓரிரு நொடி பார்க்க மட்டும். அப்படியே விட்டு ஓட்டினால் அடுத்த பில் கம்ப்ரசருக்கு.

காலையில் குளிர்கிறது, மதியம் அரை மணி ஓடிய பிறகு கிளட்ச் விட்டுவிடுகிறது என்பது பழைய கார்களின் தனிக் கதை. புல்லிக்கும் முன்தட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தேய்மானத்தில் அது ஒரு மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டால், கிளட்ச் காயில் சூடாகிக் காந்தம் பலமிழந்ததும் தட்டை இழுக்க முடியாது. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். நடு போல்ட்டைக் கழற்றித் தட்டுக்கு அடியிலிருக்கும் மெல்லிய ஷிம் ஒன்றை எடுத்தால் இடைவெளி குறைந்துவிடும். இதற்குப் புதுக் கம்ப்ரசர் மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சத்தத்தையும் பிரித்துக் கேட்க வேண்டும். ஏசி அணைத்திருக்கும்போதும் கரகரவென்று வந்தால் புல்லி பேரிங், தனியாக மாற்றலாம். ஏசி போட்டால் மட்டும் உள்ளிருந்து இரும்பு இடிக்கும் சத்தம் என்றால் கம்ப்ரசரே. கீச்சென்று கத்தினால் பெல்ட். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குள் அமுங்க வேண்டும்.

கார்புரேட்டர் வைத்த பழைய 800, ஆம்னி வகைகளில் ஏசி போட்டதும் ஐடிலை (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் ஓடும் வேகத்தை) தூக்கிவிட வேக்கம் டியூபில் ஓடும் ஒரு சிறு டயாஃபிரம் இருக்கும். அந்த டியூப் வெடித்திருந்தால் ஆர்பிஎம் விழுந்து எஞ்சின் திணறும், கம்ப்ரசரும் மெதுவாகச் சுற்றும். ஏசி போட்ட நிலையில் ஐடில் 900 முதல் 1000க்குள் நிற்கிறதா என்று பாருங்கள்.

முதல் இருபது நிமிடம் அருமையாகக் குளிர்ந்து, பிறகு வென்ட்டில் காற்றே குறைந்துபோனால் கூலிங் காயிலில் ஐஸ் கட்டியிருக்கிறது. ஏசியை அணைத்துப் புளோவரை மட்டும் பத்து நிமிடம் ஓட்டினால் காற்று திரும்பி வரும், காருக்கு அடியில் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் சொட்டும். காயில் உறைநிலையை நெருங்கியதும் கிளட்ச்சை விடுவிக்க வேண்டிய தெர்மோஸ்டாட் வேலை செய்யவில்லை, அல்லது அதன் உணர்குழாய் காயிலிலிருந்து நழுவிவிட்டது. அழுக்குக் காயிலும், கேஸ் குறைவும்கூட ஐஸ் கட்டவைக்கும்.

பிரஷர்

இனிக் கேஜ். நீலம் லோ (கம்ப்ரசர் கேஸை இழுக்கும் பக்கம்), சிவப்பு ஹை (அமுக்கித் தள்ளும் பக்கம்), மஞ்சள் நடு ஹோஸ். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடாதீர்கள். ஆர்-134ஏ வெளிக்காற்றில் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் திரவம், தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வை போகும்.

எஞ்சின் போடுவதற்கு முன்பே ஒரு ரீடிங் எடுக்க வேண்டும். இதை ஏனோ நிறையப் பேர் தாண்டிவிடுகிறார்கள். கார் நிழலில் மூன்று நான்கு மணி நேரம் நின்றிருந்தால் இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நிற்கும், அந்த எண் வெளிச்சூட்டைப் பொறுத்தது: 25 டிகிரியில் 82 பிஎஸ்ஐ, 30ல் 97, 35ல் 114, 40ல் 133. இதற்கு வெகு கீழே இருந்தால் உள்ளே திரவமே இல்லை, ஒழுக்கு பெரிது. சரியாக இருந்தால் திரவம் கொஞ்சமாவது இருக்கிறது. எவ்வளவு என்று இந்த எண் சொல்லாது, 100 கிராம் இருந்தாலும் 400 கிராம் இருந்தாலும் அதே எண்தான். எண் தூக்கலாக இருந்தால் உள்ளே காற்றோ வேறு கேஸோ கலந்திருக்கிறது. வீட்டு ஏசியில் போடும் ஆர்-22 சுத்தமாக இருந்தால் 35 டிகிரியில் 180 பிஎஸ்ஐக்கு மேல் நிற்கும். எல்பிஜி கலந்திருந்தால் பிரஷரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம். மலிவு விலையில் “சூப்பர் கூலிங்” என்று அடிக்கப்படும் கேஸில் அது இருக்க வாய்ப்புண்டு. டேஷ்போர்டுக்குள் இருக்கும் காயிலில் ஓட்டை விழுந்தால் அடைத்த காருக்குள் எரிவாயு நிரம்பும். என்ன கேஸ் என்று டின்னைக் காட்டச் சொல்வது மரியாதைக் குறைவான காரியம் அல்ல.

பிறகு எஞ்சினை 1500 ஆர்பிஎம்மில் வைத்து ஐந்து நிமிடம். 35 டிகிரி வெயிலில் லோ 30 முதல் 45, ஹை 200 முதல் 240 என்பது ஆரோக்கியம். வெளிச்சூடு ஏறினால் ஹை ஏறும்; 40 டிகிரியில் 260 வந்தாலும் பயமில்லை.

இரண்டுமே குறைவு, கிளட்ச் சில நொடிக்கு ஒருமுறை ஒட்டி விடுகிறது: கேஸ் குறைவு. இரண்டுமே அதிகம்: ஃபேன் அல்லது கண்டென்சர் அடைப்பு, இல்லையென்றால் கேஸ் அதிகம், அதுவும் இல்லையென்றால் உள்ளே காற்று. கண்டென்சரில் தண்ணீர் ஊற்றியதும் ஹை சட்டென்று இறங்கினால் முதலாவது. லோ 70, 80ல் நிற்க ஹை 130, 150க்கு மேல் ஏறவே மறுத்தால் கம்ப்ரசர் உள்ளே தேய்ந்துவிட்டது. ஆர்பிஎம் ஏற்றினால் மட்டும் குளிரும். லோ பூஜ்யத்துக்கு இறங்கி வேக்கத்துக்கே (வெற்றிடத்துக்கே) போனால் எக்ஸ்பான்ஷன் வால்வு அல்லது டிரையர் அடைத்திருக்கிறது. டிரையரின் இரு முனையையும் தொட்டுப் பாருங்கள்: உள்ளே போகும் குழாய் சூடு, வெளியே வருவது குளிர்ச்சி என்றால் அடைப்பு டிரையரிலேயே. நன்றாகக் குளிர்ந்து, லோ வேக்கத்துக்குப் போய், ஏசியை அணைத்துச் சிறிது நேரம் விட்டால் தானாகச் சரியாவது ஈரத்தின் வேலை. வால்வின் துளையில் தண்ணீர் உறைந்து அடைக்கிறது. லோ அதிகம், கம்ப்ரசருக்கு வரும் தடித்த குழாய் முழுக்கக் குளிர்ந்து ஈரம் பூத்திருந்தால் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டது.

டிரையர் தலையில் இருக்கும் கண்ணாடியில் நுரை பார்த்துக் கேஸ் அளவு சொல்வது ஆர்-12 காலத்துப் பழக்கம். ஆர்-134ஏ சரியான அளவில் இருக்கும்போதும் லேசாக நுரைக்கும். நுரை மறையும்வரை அடித்தால் கேஸ் அதிகமாகிவிடும்.

ஒழுக்கைப் பிடிப்பது

கேஸ் வெளியேறும் இடத்தில் ஆயிலும் கூடவே கசியும். அதனால் தூசு அப்பிய எண்ணெய்ப் பிசுக்கு எங்கே இருக்கிறதோ அங்கே தொடங்குங்கள்: ஹோஸ் மடிப்புகள், குழாய் இணைப்புகளின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), கம்ப்ரசர் முன்முகம், கண்டென்சரின் கல் அடிபட்ட கீழ்ப்பகுதி. சர்வீஸ் போர்ட்டுக்குள் இருக்கும் பின் வால்வை மறக்காதீர்கள்; சைக்கிள் டியூப் வால்வு மாதிரிச் சின்னச் சாமான், அதன் மேல் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் வைத்தாலே தெரிந்துவிடும்.

கண்ணுக்குப் படவில்லை என்றால் நைட்ரஜன். ரெகுலேட்டர் வைத்து 150 பிஎஸ்ஐ ஏற்றி, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவி, ஒரு மணி நேரம் முள் இறங்குகிறதா என்று பாருங்கள். வெல்டிங் பட்டறையில் கைக்குக் கிடைக்கிறதே என்று ஆக்சிஜனை ஏற்றக் கூடாது, ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். டயருக்கு அடிக்கும் காற்றும் வேண்டாம். ஈரத்தை உள்ளே தள்ளுகிறது. எல்லா இடமும் சரியாக இருந்து பிரஷர் மட்டும் இறங்கினால் மிச்சமிருப்பது டேஷ்போர்டுக்குள் இருக்கும் காயில். புளோவரை அணைத்துச் சிறிது நேரம் விட்டு, டிரெய்ன் டியூப் வாயில் எலக்ட்ரானிக் டிடெக்டரை வைத்தால் கத்தும், ஆனால் அதற்கு உள்ளே கேஸ் இருக்க வேண்டும். நைட்ரஜனை அது உணராது.

திரும்ப நிரப்புவது

குழாயைத் திறந்த பிறகு டிரையரை மாற்றியே ஆக வேண்டும். உள்ளே இருக்கும் மணிகள் காற்றின் ஈரத்தைக் குடித்துவிடும். கழற்றிய ஒவ்வொரு இணைப்புக்கும் ஆர்-134ஏக்கு ஏற்ற புது ஓ-ரிங், மாட்டும் முன் ஒரு சொட்டுக் கம்ப்ரசர் ஆயில் தடவி. மாற்றும் பாகத்தோடு போன ஆயிலை ஈடுகட்ட வேண்டும்: டிரையருக்கு 10 முதல் 20 மில்லி, கண்டென்சருக்கு 30 முதல் 40, கூலிங் காயிலுக்கு 40 முதல் 50 என்பது பொதுவான அளவு. கம்ப்ரசர் மாற்றினால் பழையதில் இருப்பதை அளவுக் குவளையில் வடித்து, புதியதிலும் அதே அளவு இருக்கும்படி செய்யுங்கள். ஆயில் பிஏஜி வகை. 46, 100 என்று தடிமன் எண் கம்ப்ரசருக்குக் கம்ப்ரசர் மாறும், லேபிளில் இருப்பதுதான் சரி. திறந்த டப்பா பிஏஜி ஆயில் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் மிச்சத்தை அடுத்த வருடத்துக்கு எடுத்து வைக்காதீர்கள்.

வேக்கம் பம்ப் குறைந்தது 30 நிமிடம், பல நாள் திறந்து கிடந்த வண்டி என்றால் ஒரு மணி நேரம். கேஜில் 29.9 அங்குலம் (பாதரச அளவில்) வரவில்லையே என்று கோவையில் கவலைப்பட வேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே 28.5ஐ ஒட்டித்தான் நிற்கும். ஊட்டியில் 23ஐக்கூடத் தாண்டாது. பம்ப்பை அணைத்து 15, 20 நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும். நின்றுவிட்டால் ஒழுக்கே இல்லை என்று அர்த்தமில்லை. வேக்கத்தில் வெளியிலிருந்து தள்ளுவது 14 பிஎஸ்ஐ அளவு மட்டும்தான். அதனால்தான் நைட்ரஜன் சோதனை முன்பே வந்தது.

கேஸை எடை போட்டு அடிக்க வேண்டும், பிரஷர் பார்த்து அல்ல. அளவு பானெட்டுக்கு அடியிலோ கண்டென்சருக்கு மேல் சட்டத்திலோ ஸ்டிக்கரில் கிராமில் இருக்கும். சிறிய கார்களில் அது பெரும்பாலும் 300 முதல் 500 கிராமுக்குள்தான். இவ்வளவு சிறிய அளவில் 50 கிராம் கூடினாலோ குறைந்தாலோ வென்ட்டில் தெரியும். “ஒரு டின் அடிச்சாச்சு” என்பது அளவு இல்லை. தராசில் வைத்து, ஹோஸில் இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, எஞ்சினைப் போட்டு, லோ பக்கம் வழியாக டின்னை நிமிர்த்தி வைத்து ஆவியாக ஏற்றுங்கள். கவிழ்த்தால் திரவம் நேராகக் கம்ப்ரசருக்குப் போய் வால்வை உடைக்கும். எஞ்சின் ஓடும்போது சிவப்பு வால்வைத் திறக்கவே கூடாது. 200 பிஎஸ்ஐக்கு மேல் டின்னுக்குள் திரும்பி வந்து வெடிக்கலாம். கடைசிக் கொஞ்சம் ஏற மறுத்தால் டின்னை வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள், நெருப்பில் காட்டாதீர்கள்.

பட்டறையில் கொடுத்துச் செய்வதானால் கேட்க வேண்டியது ஒரே வாக்கியம்: “ஏனுங்ண்ணா, கேஜ் மாட்டி ரெண்டு பக்கமும் எவ்வளவு நிக்குதுன்னு சொல்லிப்போட்டு அப்பறம் கேஸ் அடிங்க.” அதற்குப் பதில் சொல்லாமல் டின்னை எடுக்கிற இடத்தில் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

கம்ப்ரசர் பிடித்துக்கொண்டால்

இங்கே மிச்சம் பிடிக்கப் பார்க்கிறவர்கள்தான் இரண்டு மடங்கு செலவழிக்கிறார்கள். உள்ளே உடைந்த கம்ப்ரசர், சாம்பல் நிற இரும்புத் தூளைக் குழாய் முழுக்கப் பரப்பியிருக்கும். குழாயைக் கழற்றி விரலால் தொட்டால் கருப்புப் பசை ஒட்டும். அந்த நிலையில் கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடையில் ஒரு கம்ப்ரசர் வாங்கி மாட்டினால் அதுவும் சில மாதத்தில் போகும். ஹோஸையும் கூலிங் காயிலையும் ஃபிளஷ் செய்யலாம் (உள்ளே திரவம் பாய்ச்சிக் கழுவலாம்). டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு புதிது. தட்டைக் குழாய் பல வரிசையாக ஓடும் நவீனக் கண்டென்சரை ஃபிளஷ் செய்து சுத்தமாக்க முடியாது, மாற்ற வேண்டும்.

பழைய கம்ப்ரசர் வாங்கியே தீர வேண்டும் என்றால், குழாய் வாய்கள் மூடியால் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்து கிடந்ததை வாங்காதீர்கள். முன்தட்டைக் கையால் சுற்றினால் சீரான, லேசான தடையோடு சுற்ற வேண்டும். நெறநெறவென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆர்-12 வண்டி

தொண்ணூறுகளின் 800 அல்லது ஏசி வைத்த அம்பாசடர் வைத்திருந்தால் அதில் ஆர்-12 இருந்திருக்கும். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி வளரும் நாடுகளிலும் 2010க்குள் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. ஆர்-134ஏக்கு மாற்றலாம்: பழைய மினரல் ஆயிலை வடித்து எஸ்டர் ஆயில், புது டிரையர், எல்லா ஓ-ரிங்கும், போர்ட் அடாப்டர். பழைய ஸ்டிக்கரில் உள்ள கிராமில் 80 முதல் 90 சதவீதம் போதும். பழைய பாம்பு வடிவக் கண்டென்சரில் குளிர் கொஞ்சம் குறையும்; புது வகைக் கண்டென்சரும் வலுவான ஃபேனும் போட்டால் அது ஈடாகிவிடும்.

வேலை முடிந்த பிறகு

வென்ட் சூட்டை மறுபடி அளந்து முதலில் எழுதிய எண்ணோடு ஒப்பிடுங்கள். மார்கழியிலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியை ஓட்டினால் ஷாஃப்ட் சீலில் ஆயில் படிந்து காயாமல் இருக்கும். ஆழியாற்றிலிருந்து வால்பாறை ஏறும் 40 வளைவிலும் இரண்டாம் கியரில் ஏசி போட்டு இழுத்தால் சின்ன எஞ்சினின் சூடு முள் மேலே போகும். முள் நடுவைத் தாண்டியதும் ஏசியை அணையுங்கள். சர்வீஸ் போர்ட் இரண்டின் பிளாஸ்டிக் மூடியையும் கையோடு மாட்டிவிடுங்கள், அவை தூசுக்கு மட்டுமல்ல, கேஸுக்கும் இரண்டாவது தடுப்பு. பானெட்டின் அடிப்பக்கம் ஒரு டேப் ஒட்டி, அதில் தேதி, எத்தனை கிராம், எந்த ஆயில், எத்தனை மில்லி, லோ, ஹை, வென்ட் சூடு என்று மார்க்கரால் எழுதி வையுங்கள். அடுத்து பானெட்டைத் திறக்கும் மெக்கானிக்குக்கு அது போதும்.